செஞ்சியை முற்றுகையிடுவது எப்படி?
கள்ளிக்குப்பம் குடும்பங்களுக்கு ஒரு போர்க்கையேடு

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடலாம். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார்கான் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஏழு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 1690இல் வந்து கூடாரம் அடித்தவர் 1698இல்தான் உள்ளே கால் வைத்தார். சென்னையின் அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பும் நீங்கள் அதே வேலையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக்கொண்டு ராத்திரி தோசைக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம். அவர் காலத்தில் பைபாஸ் கிடையாது.

கெட்ட செய்தி, கோட்டை இன்னும் அதே மலைமேல்தான் இருக்கிறது.

செஞ்சியைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதும். முக்கியமான ஒன்றை மட்டும் விட்டுவிடும். தஞ்சைப் பெரிய கோயில் ஊரே உள்ளே வரட்டும் என்று கட்டியது. மலைக்கோட்டை அப்படியல்ல. ஒருத்தனும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே காசு செலவழித்து, கல் சுமந்து, தலைமுறை தலைமுறையாக யோசித்துக் கட்டியது. அங்கே போய், “என்னங்க, படியெல்லாம் இவ்ளோ உயரமா வச்சிருக்காங்க” என்று அலுத்துக்கொள்வது, பூட்டு திறக்கவில்லை என்று பூட்டுக் கம்பெனிக்குத் திருடன் புகார் எழுதுவது மாதிரி. ஆகவே பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் வெட்கப்படாதீர்கள். கோட்டை நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கட்டினவன் உயிரோடு இருந்தால் சந்தோஷப்படுவான்.

இந்தத் தெளிவோடு முற்றுகைக்குத் தயாராகுங்கள்.

படை திரட்டல்

முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும். ‘செஞ்சி ட்ரிப்’ என்று பெயர் வைத்து இருபத்திரண்டு பேரைச் சேருங்கள். பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். பதினொரு பேர் வருகிறேன் என்பார்கள். பன்னிரண்டு பேர் வேனில் ஏறுவார்கள். அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார், யார் வழியில் சொந்தம் என்பது திண்டிவனம் தாண்டித்தான் தெரியவரும்.

அடுத்தது தலைமை. இதில் மொகலாயர்கள் செய்த தப்பை நாம் செய்யக் கூடாது. கோட்டைக்குள்ளே இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, வேஷம் மாறி மராட்டியத்திலிருந்து தப்பி வந்து செஞ்சியில் புகுந்துகொண்டவர். வெளியே மொகலாயப் பாசறையில், 1691 முடிவதற்குள் மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள். முற்றுகையை நடத்திக்கொண்டிருந்த ஜுல்பிகார்கான் ஒருவர். அவருக்கு அப்பாவும் சாம்ராஜ்யத்துக்கே வஜீருமான அசத்கான் இன்னொருவர். ஔரங்கசீப்பின் கடைக்குட்டி மகன் காம்பக்‌ஷ் மூன்றாமவர். யார் பேச்சை யார் கேட்பது? அடுத்த வருஷக் கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப் படையோடு வந்து, முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டார்கள். பாசறைக்குள் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. இளவரசர் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு மொத்தப் படையும் வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

நம் வேனிலும் இதே மூன்று பேர் உண்டு: வழி தெரிந்த மாமா, பணம் போட்ட சித்தப்பா, மரியாதை குறையக் கூடாத மூத்த மாப்பிள்ளை. முன் சீட்டோ ஒன்றுதான். யார் அதில் உட்காருவது என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். மாப்பிள்ளையைக் காவலில் வைக்கிற வசதி நமக்கு இல்லை.

இன்னொரு விஷயம். ஜுல்பிகார்கான் வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடிக்கிறார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. கோட்டை விழுந்துவிட்டால் வேறு கடினமான இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விழாதவரை படையும் படிக்காசும் கையில் இருக்கும். வேனைக் கிலோமீட்டர் கணக்கில் பேசியிருந்தால் டிரைவர் அண்ணன், “சார், அப்படியே மேல்மலையனூர் போய்ட்டு, திருவண்ணாமலையும் பார்த்துட்டு வந்துடலாமா?” என்று கேட்கும் நேரத்தில் இந்த வரலாறு உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும்.

நாள் பார்த்தல்

அமாவாசையன்று வேண்டாம், மேல்மலையனூர் அங்காளம்மன் கூட்டம் செஞ்சி ரோட்டை எடுத்துக்கொள்ளும். பௌர்ணமியும் வேண்டாம்; கிரிவலக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். கத்திரியில் பாறை சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படி வழுக்கும். மார்கழி, தை உத்தமம். ஆனால் மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட இரண்டு பேராவது வேனில் இருப்பார்கள். அவர்களுக்குச் செருப்பு கிடையாது. மூச்சு மட்டும் உங்களைவிட நன்றாக இருக்கும்.

பயிற்சி

கள்ளிக்குப்பம் தட்டையான ஊர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, புழல் ஏரி என்று சுற்றிலும் ஏரிகள். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்பது தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும். செஞ்சியின் அகழி 24 மீட்டர் அகலம் என்று அங்கே யாராவது விளக்க ஆரம்பித்தால் பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால் எப்படி இருக்கும் என்று நம் ஏரியாக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார்த்திகை மாசம் கேட்டைத் திறந்தால் போதும்.

மலைதான் நமக்குப் பழக்கமில்லை. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் எண்பது மாடி. நாமோ நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஒருநாள் நின்றுபோனால் அசோசியேஷன் மீட்டிங் கூட்டுகிற ஜாதி. ஆகவே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள். மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கும். நாலாம் நாள் ஆபீஸில் ஆடிட் வரும். ஐந்தாம் நாளிலிருந்து, “அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்ற முடிவுக்கு வருவீர்கள். அந்த முடிவோடுதான் வரலாற்றில் பெரும்பாலான படைகள் செஞ்சிக்குப் போயிருக்கின்றன.

வழி

கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். செஞ்சிக்கு ரயில் கிடையாது; பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திருவண்ணாமலை வண்டி பிடிக்கலாம். கள்ளிக்குப்பத்திலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதை ஒரு தனி முற்றுகையாகக் கணக்கில் கொள்ளவும்.

வேனுக்கு இரண்டு வழி. ஒன்று, அம்பத்தூர் ஓ.டி. வழியாக பைபாஸ் பிடித்து, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம். அங்கே வலது பக்கம் திரும்பினால் முப்பது கிலோமீட்டருக்குள் செஞ்சி. இந்த வழியில் வானகரம், பரனூர், ஆத்தூர் என்று மூன்று சுங்கச்சாவடிகள் கப்பம் வாங்கும். கப்பம் கட்ட மறுத்துத் தகராறு செய்தவர் என்ன ஆனார் என்பதைக் கீழே தேசிங்குராஜன் கதையில் பார்க்க.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பித்தளை டபரா படம் போட்ட கும்பகோணம் டிகிரி காபிக் கடைகள் வரிசையாக வரும். ‘இதுதான் ஒரிஜினல்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். ஒன்றில்தான் நிறுத்துவது என்று உறுதியாக இருங்கள். காபி குடித்தால் பாத்ரூம், பாத்ரூம் போனால் இன்னொரு கடை, இன்னொரு கடையில் இன்னொரு காபி. ராஜகிரி அடிவாரத்துக்குப் பத்தரைக்குப் போய்ச் சேருகிற குடும்பங்கள் எல்லாம் இப்படித்தான் அழிந்தன.

இரண்டாவது வழி பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வந்தவாசி, தெள்ளாறு. தூரமும் அப்படி ஒன்றும் அதிகமில்லை, கண்ணுக்கும் பச்சை. ஆனால் காஞ்சிபுரம் வழியாகப் பெண்களை அழைத்துக்கொண்டு போய் செஞ்சி சேர்ந்த படை எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. “சும்மா ஒரு கடை மட்டும் பாத்துட்டுப் போலாங்க” என்று அண்ணி சொன்ன இடத்திலேயே முற்றுகை முடிந்துவிடும். வந்தவாசி ரோட்டைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஜுல்பிகார்கான் பின்வாங்கிய ஊர் என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

வேனுக்குள் ஓர் அபாயம் உண்டு. கம்பெனி செலவில் ஜப்பானில் ஆறு மாதம் டிரெய்னிங் முடித்து வந்த மாப்பிள்ளை. மதுராந்தகம் தாண்டும்போது ஆரம்பிப்பார். “ஜப்பான்ல மலைக்கோட்டைன்னா டகேடான்னு ஒண்ணு இருக்கு, 353 மீட்டர், காலைல மூடுபனில மிதக்கும்.” அது நிஜம்தான். அங்கே மேலே போனால் கல் அஸ்திவாரம் மட்டும்தான் மிச்சம் என்பதும் நிஜம். ஜப்பான்காரர்கள் மரத்தில் கோட்டை கட்டினார்கள். 1873இல் மெய்ஜி அரசே இனிக் கோட்டைகள் தேவையில்லை என்று உத்தரவு போட்டு, ஏகப்பட்டதை இடித்தும் விற்றும் தீர்த்துவிட்டது. வெறும் மேடும் கல்வரிசையும் கிடக்கிற இடத்துக்குக்கூட அவர்கள் தேடிப் போகிறார்கள். தேசத்தின் சிறந்த நூறு கோட்டைகள் என்று 2006இல் பட்டியல் போட்டு, போகிற கோட்டையிலெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்கிறார்கள். காட்டுப் பாதையில் கரடி வரும் என்று பையில் மணி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கூரையும் கோபுரமும் மண்டபமும் களஞ்சியமும் பீரங்கியும் நிற்கிற கோட்டையை வைத்துக்கொண்டு நாம் டிகிரி காபி குடிக்கிறோம் என்று மாப்பிள்ளை முடிப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதால், உடனே முறுக்கு டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

தளவாடம்

புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடாம். இதற்கு மேல் ஒருவர் சப்பாத்தி கொண்டுவருவார். அதை யாரும் தொட மாட்டார்கள், அதுவும் திரும்பி வரும். தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு லிட்டர், அவரவர் முதுகில். மேலே கடை கிடையாது.

முக்கியமான விதி: சாப்பாட்டுப் பையை மலைமேல் கொண்டுபோகாதீர்கள். ஜப்பானில் பிச்சு மட்சுயாமா கோட்டையில் சன்ஜூரோ என்று ஒரு பூனையைக் கோட்டைக்கு அதிபதியாகவே 2018இல் நியமித்தார்கள். அது தினம் கோட்டையைச் சுற்றி வருவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. செஞ்சியில் நியமனமெல்லாம் நடக்கவில்லை. குரங்குகள் தாங்களாகவே பொறுப்பேற்றுக்கொண்டன. கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, மொகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர், கொஞ்ச காலம் ஹைதர் அலி என்று கைமாறிக்கொண்டே வந்த கோட்டையில் இன்றைய ஆட்சி இவர்களுடையது. இவர்களும் கப்பம் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், படிக்கட்டின் இரு பக்கமும் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், குழந்தை கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுக்காதீர்கள். கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று மாப்பிள்ளையைக் கேளுங்கள்.

கீழேயே பிடித்துக்கொள்ளும் இடங்கள்

ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் போகும்போது வலப் பக்கம் தெரிவது கிருஷ்ணகிரி, இடப் பக்கம் உயர்ந்து நிற்பது ராஜகிரி. இன்னும் தெற்கே மூன்றாவது மலை. மூன்றையும் இணைத்து ஓடும் மதில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ராஜகிரியைப் பார்த்ததும் வேனில் ஒரு நிமிஷம் பேச்சு நிற்கும். பிறகு யாராவது, “இதுலயா ஏறணும்?” என்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு கல்லையும் அடுக்கினார்கள்.

உள்ளே போனதும் மலையில் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மலையைவிடப் பெரிய தடை கீழேயே இருக்கிறது: நிழல். புல்தரை, யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம், களஞ்சியம், கல்யாண மஹால். பாதிப் படை இங்கேயே துண்டை விரித்துவிடும்.

கல்யாண மஹாலை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். சதுர முற்றத்தைச் சுற்றி வளைவு வளைவாக அறைகள், நடுவில் அடுக்கடுக்காய்ச் சிறுத்துக்கொண்டே மேலே போகும் கோபுரம். அந்த உயரத்துக்கும் குழாய் வைத்துத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது மாடிக்கு மோட்டார் போட்டும் தண்ணீர் ஏறாத வீட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே சற்று அதிக நேரம் நிற்பது இயல்பு. களஞ்சியத்துக்குள்ளும் தலையை நீட்டிப் பாருங்கள். கனத்த சுவர், உயரத்தில் வளைந்த கூரை, வௌவால் நெடி. கை தட்டினால் சத்தம் நாலு தரம் சுற்றிவிட்டு வரும். உள்ளே இவ்வளவு நெல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வெளியே அரிசிக்கு அலைந்துகொண்டிருப்பவன் எப்படிப் பட்டினி போடுவது என்ற கணக்கு அங்கே நின்றால்தான் உறைக்கிறது.

கல்யாண மஹால் வாசலில் ஒரு ஜோடி ப்ரீ வெட்டிங் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். ட்ரோன் பறக்கவிட அனுமதி இல்லை என்று காவலர் சொல்லிக்கொண்டிருப்பார். பையன் கரியாலோ சாவியாலோ சுவரில் ஒரு இதயம் வரைய நினைத்தால் தடுத்துவிடுங்கள். 1958ஆம் வருஷத்துத் தொல்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டதிலிருந்து அந்த இதயத்தின் விலை இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். பையன் வீட்டார் கேட்கிற நகைகூட அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்த நிழலில்தான் மாமா தேசிங்குராஜன் கதையை ஆரம்பிப்பார். தடுக்க முடியாது. அவருக்கு அது 1960இல் வந்த எம்.ஜி.ஆர். படம். கொஞ்ச நேரத்தில் கோட்டை மறைந்து பானுமதியும் பத்மினியும் வந்துவிடுவார்கள். வரலாறு அதைவிடச் சின்னது, அதைவிடச் சோகமானது. அப்பா சொரூப்சிங், புந்தேலா ராஜபுத்திரர், மொகலாயர் சார்பில் கோட்டையை வைத்திருந்தவர். 1714இல் அவர் இறந்ததும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குக் கட்ட வேண்டிய பாக்கிப் பணத்தைக் கட்ட மறுத்துவிட்டு மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்கு, கோட்டையில் உட்கார்ந்தார். இருபது வயது தாண்டிய வாலிபன். அதே வருஷம் அக்டோபரில், தன்னுடைய சின்னக் குதிரைப் படையோடு கோட்டையை விட்டு வெளியே போய் நவாபின் பெரும்படையோடு மோதி இறந்துபோனார். ஆண்டது மாதக் கணக்கில்தான். கதைப்பாட்டில் ஆள்வது முந்நூறு வருஷமாக. கூட விழுந்த நண்பன் முகமதுகானும், ஜனங்கள் கொண்டாடும் குதிரையும் அந்தப் பாட்டில் அவரைவிட ஒரு படி மேலேயே இருக்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. உலகத்திலேயே உறுதியான கோட்டைகளில் ஒன்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது ஒருத்தர் எதற்காகச் சமவெளிக்கு இறங்கிப் போய்ச் சண்டை போட வேண்டும்? மாமாவிடம் இதைக் கேட்காதீர்கள். கேட்டால் எம்.ஜி.ஆர். ரசிகர் ஒருவரைப் பகைத்துக்கொண்ட பாவம் வேனில் திரும்பும்வரை தொடரும்.

ஏற்றம்

பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் செஞ்சியை ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டார். மொகலாயருக்கு வருஷக் கணக்கு, இவருக்கு ஒரு ராத்திரி. வீரம், பீரங்கி என்று வரலாற்றாசிரியர்கள் ஆயிரம் காரணம் சொல்லட்டும். ராத்திரியில் வெயில் இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. இப்போது ராத்திரியில் விடமாட்டார்கள். ஆகவே காலையில் கதவு திறந்ததும் ஏற ஆரம்பித்துவிடுங்கள். பிற்பகலானால் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது உங்களுக்கு வேண்டிய முடிவாக இருந்தால், சாப்பிட்டுவிட்டு மெதுவாகவே போய் நில்லுங்கள்.

முதல் நூறு படி சிரிப்பும் செல்ஃபியும். அதற்குப் பிறகு கோட்டை பேச ஆரம்பிக்கும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது ஒரு சாண், அதற்கடுத்தது சாய்ந்த பாறை. கால் ஒரு தாளத்துக்குப் பழகியதும் தாளம் மாறிவிடும். நேராகப் போகும் பாதை ஒரு வாயிலுக்கு முன்னால் சட்டென்று மடங்கும். யானையோ ஆளோ ஓடி வந்து முட்டக் கூடாது, வேகம் அங்கேயே செத்துவிட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. திரும்பி நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒரு மதில். அதில் நிற்கிறவனுக்கு உங்கள் உச்சந்தலை நன்றாகத் தெரியும். வாயிலைத் தாண்டினோம், வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது அடுத்த வாயில். ஜிம்முக்கு மாசா மாசம் பணம் கட்டுகிற தம்பி இரண்டாவது வளைவில் ஷூ லேஸ் கட்ட உட்காருவான். ஷூ லேஸ் கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

யார் ஏறுவார்கள் என்று நான் சொல்லட்டுமா? பெரியம்மா. வேனில் ஏற ஸ்டூல் போட்டவர், “எனக்கெதுக்குடா கோட்டையெல்லாம், நீங்க போய்ட்டு வாங்க” என்றவர். பாதி மலையில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது என்று யாரோ வாய் தவறிச் சொல்லியிருப்பார்கள். செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையோடு, பத்துப் படிக்கு ஒருதரம் நின்று, யாரிடமும் பேசாமல் போய்க்கொண்டிருப்பார். கோட்டை கட்டினவர்கள் எதிரியைத்தான் யோசித்தார்கள். வேண்டுதலோடு வருகிறவரை யோசிக்கவில்லை. அம்மனைக் கும்பிட்டு முடித்ததும் அவர் இறங்கிவிடுவார் என்று நினைப்பீர்கள். மேலே ரங்கநாதருக்கும் ஒரு கோயில் இருப்பதாக அதற்குள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பக்கம் நாலு பேர் நின்றால் இந்தப் பக்கம் நாலாயிரம் பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இப்போது நிரந்தரப் பாலம் இருக்கிறது. நடுவில் நின்று கீழே பாருங்கள். காற்று அடியிலிருந்து மேலே வரும். இவ்வளவு பாடுபட்டு ஏறி வந்த ஒரு மொகலாயச் சிப்பாயை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பிளவைப் பார்த்தால், அவன் வாயில் வந்த வார்த்தை உங்களுக்கும் கேட்கும். அச்சில் ஏற்ற முடியாது.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, இன்னொரு களஞ்சியம், ஒரு பீரங்கி. பாறைக் குழிகளில் தண்ணீர். சுற்றிலும் பார்த்தால் கீழே மூன்று மலையையும் சேர்த்துக் கட்டிய மதில் முழுசாகத் தெரியும். வயல், குளம், ரோட்டில் ஊர்ந்துபோகும் பஸ். கீழே இருக்கும்போது கல்லும் மண்ணுமாகத் துண்டு துண்டாய்க் கிடந்தது மேலே வந்தால் ஒரே கணக்காகச் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்துதான் சிவாஜி 1677இல் கைப்பற்றியதும் விடாமல் இன்னும் பலப்படுத்தினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோவும் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது, ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில். மொத்தம் 12 கோட்டைகள்; 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். நாயக்கர் காலத்து மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு மராட்டியப் பட்டியலில் நிற்கிறோமே என்று மாமாவுக்கு ரோஷம் வரலாம். பட்டியலில் இல்லாமல் இருந்த நாளில் மாமா எத்தனை தடவை வந்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஏறவே மாட்டேன் என்பவர்களுக்கு

ஒரு சுலப வழி உண்டு. பாண்டிச்சேரிக்குப் போங்கள். பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை என்பார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலில் பார்க்காமல் விட்டதை இந்தத் தூண்களில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஒரு படிகூட ஏறாமல் செஞ்சியைத் தொட்டுப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கிடைக்கும்.

திங்கட்கிழமை

காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதுதான் முற்றுகையின் உண்மையான நஷ்டம் தெரியும். மாடிப்படி ஏறலாம், இறங்க முடியாது. பின்பக்கமாகத் திரும்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பார்த்தால் பார்க்கட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் கேட்பார்கள். கல்யாண மஹாலோடு நின்றவர், “கோட்டை உள்ள போனோம்” என்று சொல்ல வேண்டும். கமலக்கண்ணியம்மன் வரை போனவர், “மேல போனோம்.” பாலம் வரை போனவர், “கிட்டத்தட்ட உச்சி.” உச்சிக்கே போனவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த ஞாயிறு ஆபீஸ் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போகச் சொல்வார்கள்.

பதினோரு மணிவாக்கில் ‘செஞ்சி ட்ரிப்’ குழுவில் பெரியம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். “ராஜகிரி ஆச்சு. எதுத்தாப்ல இன்னொரு மலை இருந்துச்சே, கிருஷ்ணகிரியோ என்னமோ, அதுக்கு எப்ப கிளம்புறோம்?” அதை உடனே திறந்து கேட்டுவிடாதீர்கள். நீல டிக் விழுந்தால் வேன் புக் ஆகிவிடும்.